குடிலுக்குள் செண்டுமல்லி! லாபமா? நஷ்டமா?

ஆயுதபூஜைக்கு முதல் நாள் பூக்கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். செண்டுமல்லி விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பூஜை முடிந்து நான்கு நாள் கழித்து அதே கடைக்குப் போங்கள். "அள்ளிக்கொண்டு போங்கள்" என்று கடைக்காரரே சொல்வார்.

அதே பூ. அதே கடை. விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும்!

இதில் மாட்டிக்கொண்டு தவிப்பவர் யார்? பூவைப் பயிரிடும் விவசாயிதான். விலை இருக்கும்போது மழை வந்து பூ அழுகிவிடுகிறது. பூ நன்றாக விளையும்போது விலை இல்லை. பறிகூலிக்குக்கூடக் கட்டாமல், பறித்த பூவை ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 2020-ம் ஆண்டு ஊரடங்கின்போது கோவில்கள் மூடப்பட்டன. கல்யாண மண்டபங்களும் மூடப்பட்டன. பறிக்க ஆள் இல்லாமல், வாங்க ஆள் இல்லாமல் பூ செடியிலேயே கருகியது.

இப்பொழுது விவசாயிகளுக்கு இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன.

ஒன்று: பிளாஸ்டிக் தாளால் கூரை போட்ட பசுமைக்குடிலுக்குள் செண்டுமல்லியை வளர்க்க வேண்டும்.

மற்றொன்று: மூட்டை மூட்டையாக ரசாயன உரம் போடுவதைக் குறைத்து, நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் நுண்ணூட்டச் சத்துக்களையும் கொடுக்க வேண்டும்.

இவை உண்மையில் பலன் தருமா? கடன் வாங்கிக் குடில் போடலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பல பெயர், ஒரு பூ

செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி, கேந்தி என்று ஊருக்கு ஒரு பெயர். இங்கிலீஷில் "ஆப்பிரிக்கன் மேரிகோல்டு" என்கிறார்கள். ஆனால் இது ஆப்பிரிக்காவில் பிறந்தது அல்ல. இதன் தாய்நாடு மெக்சிகோ! அங்கே நவம்பர் மாதம் முதல் இரண்டு நாட்களில், இறந்துபோன முன்னோர்களுக்கு இந்தப் பூவை வைத்துத்தான் படைக்கிறார்கள்.

நம் ஊரில் தோவாளை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம், ஓசூர் சந்தைகளில் இந்தப் பூ மலைபோல் குவிகிறது. மாலைக்கு மட்டும் அல்ல. இதன் இதழிலிருந்து "லூட்டின்" என்ற மஞ்சள் பொருளை எடுக்கிறார்கள். கோழித் தீவனத்தில் அதைச் சேர்த்தால் முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறத்தோடு இருக்கும். கண்ணுக்கான சத்து மாத்திரைகளிலும் அது சேருகிறது.

ஆனால் சந்தை முன்போல் இல்லை. ஓணம் பண்டிகைக்குக் கேரளத்துக்குப் போகும் பூவில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பூவும் கர்நாடகப் பூவும்தான். சமீப ஆண்டுகளில் கேரளத்தின் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தாங்களே செண்டுமல்லி பயிரிடத் தொடங்கிவிட்டன. மற்றொரு பக்கம், பிளாஸ்டிக் பூ. 2022-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி மத்திய அரசாங்கம் ஒரு தடவை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூ இல்லை!

ஆகவே, குறைந்த செலவில் நல்ல பூவை, சரியான நாளில் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்தான் இனி பிழைக்க முடியும்.

ஒன்றரை கிராமில் ஒரு ராஜ்யம்!

முதலில் நுண்ணுயிர்களைப் பார்ப்போம்.

கிருமி என்றாலே நமக்குப் பயம். நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாலைத் தயிர் ஆக்குவது யார்? இட்லி மாவைப் பொங்க வைப்பது யார்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். அதேபோல் பயிருக்கு உதவி செய்யும் நுண்ணுயிர்களும் மண்ணில் இருக்கின்றன.

செடிக்குத் தழைச்சத்து வேண்டும். காற்றில் 100-க்கு 78 பங்கு அந்தச் சத்துதான். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டி நிறையப் பணம் இருந்தும் சாவி இல்லாதவன் கதைதான்!

அந்தச் சாவி "அசோஸ்பைரில்லம்" என்ற நுண்ணுயிரிடம் இருக்கிறது. அது வேரின் அருகில் குடியிருந்து, காற்றில் உள்ள தழைச்சத்தைச் செடி சாப்பிடும் வடிவத்துக்கு மாற்றுகிறது. வேர் நன்றாகக் கிளைவிடவும் தூண்டுகிறது. ஹாலந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் 1925-ம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். ஆனால் இதன் அருமை உலகத்துக்குத் தெரிந்தது 1970-களில்தான். பிரேசில் நாட்டில் வேலை செய்த ஜோஹன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி புல் வேர்களை ஆராய்ந்து அதை வெளிப்படுத்தினார்.

அடுத்தவர் "பாஸ்போபாக்டீரியா". நாம் போடும் மணிச்சத்து உரத்தில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு கல்லாகக் கிடக்கும். இந்த நுண்ணுயிர் ஒருவகைப் புளிப்பைச் சுரந்து அதைக் கரைத்துக் கொடுக்கிறது.

மூன்றாவது, "மைக்கோரைசா" என்ற வேர்ப் பூஞ்சணம். 1885-ம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானி பிராங்க் வைத்த பெயர் இது. நூலைவிட மெல்லிய இழைகளை இந்தப் பூஞ்சணம் மண்ணுக்குள் வெகுதூரம் அனுப்பும். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்து, துத்தநாகம், தண்ணீர் ஆகியவற்றை இழுத்து வரும். கூலி என்ன தெரியுமா? செடி தயாரிக்கும் சர்க்கரையில் கொஞ்சம்!

இன்னும் இரண்டு பேர் காவல்காரர்கள். "டிரைக்கோடெர்மா" என்ற நல்ல பூஞ்சணம், நாற்றழுகலை உண்டாக்கும் கெட்ட பூஞ்சணங்களைச் சுற்றி வளைத்துத் தின்றுவிடும். "சூடோமோனாஸ்" என்ற பாக்டீரியா செய்வது இன்னும் தந்திரமான வேலை. மண்ணில் உள்ள இரும்புச் சத்தை அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். இரும்பு கிடைக்காத நோய்க் கிருமிகள் பட்டினி கிடக்கும்!

இந்த நுண்ணுயிர் உரங்களுக்கு அரசாங்கமே தரம் நிர்ணயித்திருக்கிறது. தூளாக விற்கும் அசோஸ்பைரில்லத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். ஒன்றரை கிராம் தூளில் அதைவிட அதிகமான உயிர்கள்!

ஆனால், அவை உயிரோடு இருந்தால்தான் பலன். வெயிலில் கிடந்த பாக்கெட், தேதி கடந்த பாக்கெட் வாங்கினால், காசு கொடுத்து மண்ணை வாங்கியதற்குச் சமம். ரசாயன உரத்தோடும் பூஞ்சணக்கொல்லி மருந்தோடும் சேர்த்துக் கலந்தாலும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

மற்றொரு உண்மையையும் சொல்ல வேண்டும். நுண்ணுயிர்களுக்கும் சாப்பாடு வேண்டும். தொழுஉரமே காணாத வறண்ட மண்ணில் அவற்றைக் கொட்டினால் பட்டினியால் சாகும். அந்த மண்ணில் ஏற்கனவே குடியிருக்கும் மற்ற நுண்ணுயிர்கள் புதியவர்களை விரட்டவும் செய்யும். "போட்டேன், பலன் இல்லை" என்று சிலர் சொல்வதற்கு இதுதான் பல நேரங்களில் காரணம்.

சாம்பாருக்கு உப்பு போல...

இனி நுண்ணூட்டச் சத்து.

தழை, மணி, சாம்பல் சத்துக்கள் செடிக்குச் சோறு மாதிரி. நிறைய வேண்டும். இரும்பு, துத்தநாகம், போரான், மாங்கனீசு போன்றவை உப்பு மாதிரி. கொஞ்சம் போதும். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் சாப்பாடே வீண்!

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சரித்திரம் உண்டு. வடநாட்டில் இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிர் துருப்பிடித்ததுபோல் ஆகி நாசமாயிற்று. "கைரா" என்று அதற்குப் பெயர். ஏதோ கிருமியால் வரும் நோய் என்று நினைத்தார்கள். பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் நேனே 1966-ம் ஆண்டு உண்மையைக் கண்டுபிடித்தார். அது கிருமி நோய் அல்ல. துத்தநாகக் குறைவு! துத்தநாக சல்பேட் தெளித்ததும் பயிர் பிழைத்தது.

செண்டுமல்லியில் குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுவதும் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு. இலை சிறுத்துக் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறைவாக இருக்கலாம். நுனிக் குருத்து கருகினால் போரான் குறைவாக இருக்கலாம்.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட நிலத்தில் இலைமேல் தெளிப்பதுதான் வழி. பூப்பயிர்களுக்கு 0.5 சதவீதக் கரைசல் தெளிப்பது வழக்கம். அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். சாயங்கால வேளையில் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

உஷார்! அதிகமானால் விஷம்!

"சத்துதானே! இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன?" என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் ஆபத்து.

போரான் விஷயத்தில் மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகவும் குறைவு. கொஞ்சம் அதிகமானாலும் இலை ஓரம் கருகிவிடும்.

செண்டுமல்லிக்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்பை இழுத்துக்கொள்வதில் அது கெட்டிக்காரச் செடி. புளிப்புத் தன்மை மிகுந்த தொட்டி மண்ணில் வளர்த்தால், இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மீறிக் குடித்துவிடும். பிறகு இலையில் செம்பு நிறப் புள்ளிகள் தோன்றும். இதை நோய் என்று நினைத்து, மேலும் சத்து மருந்து தெளித்தால் என்ன ஆகும்? எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது ஆகும்!

திறந்த வெளியில் மழை பெய்து, மிஞ்சிய உப்பைக் கழுவிக்கொண்டு போகும். குடிலுக்குள் மழை ஏது? சொட்டு நீர் வழியாகக் கொடுத்த உரத்தின் உப்பு வேரைச் சுற்றியே சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே குடிலுக்குள் பயிரிடுகிறவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வழி என்ன? மண் பரிசோதனைதான். 2015-ம் ஆண்டு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விஷயங்களைச் சோதித்து எழுதித் தருகிறார்கள். துத்தநாகம், இரும்பு, போரான், மாங்கனீசு, தாமிரம் எல்லாம் அதில் உண்டு. அந்த அட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், உரக்கடைக்குப் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டும். பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ அதைப் படித்துச் சொன்னாலும் போதும்.

குடில் போட்டால் கட்டுபடியாகுமா?

இப்பொழுது பணக் கணக்குக்கு வருவோம்.

குடிலால் நன்மை உண்டு. மழையில் பூ நனையாது. இலை நனையாததால் இலைப்புள்ளி நோய் குறையும். ஐப்பசி அடைமழையிலும் பூ பறிக்கலாம்.

தீமையும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் சமவெளிக் குடில் அடுப்பாகக் கொதிக்கும். 35 டிகிரிக்கு மேல் உஷ்ணம் போனால் பூ சிறுத்துப்போகும். உள்ளே சிலந்திப்பேனும் இலைப்பேனும் பெருகும். நிழல் வலையை அடர்த்தியாகக் கட்டினால் செடி நெட்டையாக வளரும், பூ குறையும். செண்டுமல்லி வெயிலை விரும்பும் செடி அல்லவா?

செலவு எவ்வளவு?

மத்திய அரசாங்கத்தின் தோட்டக்கலைத் திட்டத்தில் 2014-ம் ஆண்டு வகுத்த விதிப்படி, 500 சதுர மீட்டர் வரையிலான பசுமைக்குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 1,060 ரூபாய் செலவு என்று கணக்கிட்டார்கள். அதில் பாதி மானியம். அதன் பிறகு இரும்பு, பிளாஸ்டிக் விலைகள் ஏறியிருக்கின்றன. பழைய கணக்கையே வைத்துப் பார்ப்போம்.

500 சதுர மீட்டர் என்பது சுமார் 12 சென்ட் நிலம். அதற்குச் செலவு 5 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். மானியம் போக, விவசாயி கையிலிருந்து போடுவது 2 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய்.

வரவு எவ்வளவு?

திறந்தவெளியில் நன்றாக விளைந்தால் ஒரு ஹெக்டேரில் சுமார் 18 டன் பூ எடுக்கலாம். அதாவது சதுர மீட்டருக்கு 1 கிலோ 800 கிராம். 500 சதுர மீட்டருக்கு 900 கிலோ. குடிலுக்குள் இரண்டு மடங்கு விளைகிறது என்றே வைத்துக்கொள்வோம். 1,800 கிலோ. கிலோவுக்கு 40 ரூபாய் கிடைத்தால் 72 ஆயிரம் ரூபாய். வருஷத்துக்கு இரண்டு தடவை பயிர் செய்தால் 1 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய்.

"பரவாயில்லையே!" என்று தோன்றும். பொறுங்கள். விதை, உரம், மருந்து, பறிகூலி, வண்டிச் சத்தம், தரகு, கடனுக்கு வட்டி, சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பிளாஸ்டிக் தாள், எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். விளைச்சல் இரண்டு மடங்கு ஆகாவிட்டால்? கிலோ 40 ரூபாய்க்குப் பதில் 10 ரூபாய்க்கு விற்றால்? ஒரு புயலில் தாள் கிழிந்து பறந்தால்?

குடில் மழையைத் தடுக்கும். விலை வீழ்ச்சியைத் தடுக்காது!

ஓசூர்ப் பக்கம் குடில்களில் ரோஜா, ஜெர்பரா, குடமிளகாய் பயிரிடுகிறார்கள். அவற்றுக்கு விலை அதிகம். குடில் செலவைத் தாங்கும். செண்டுமல்லி ஏழைகளின் பூ. அது ஒன்றை மட்டும் நம்பிக் கடன் வாங்கிப் பெரிய குடில் போடுவது, நகையை அடகு வைத்து நாட்டுக்கோழிக்கு மாளிகை கட்டுவது போல!

அப்படியானால் வழியே இல்லையா?

இருக்கிறது. அதுவும் சின்ன விவசாயிக்கு ஏற்ற வழி.

செடியை முழுக் காலமும் குடிலுக்குள் வைக்க வேண்டாம். நாற்றை மட்டும் நிழலில் வளர்த்தால் போதும்.

கணக்கைப் பாருங்கள். 45 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டால், ஒரு ஏக்கருக்குச் சுமார் 25,700 நாற்று வேண்டும். 98 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் 263 தட்டுகள். நடக்கப் பாதை விட்டு அடுக்கினாலும் ஒன்றரை சென்ட் இடம் போதும்! ஒரு ஏக்கரின் தலையெழுத்து ஒன்றரை சென்டில் அடங்கிவிடுகிறது.

அந்தத் தட்டில் தென்னை நார்க் கழிவு நிரப்புகிறார்கள். சுத்தப்படுத்திய நார்க் கழிவில் வேறு நுண்ணுயிர்களின் போட்டி குறைவு. இதில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா ஆகியவற்றைச் சேர்த்தால், அவை முதலில் குடியேறி இளம் வேரைப் பிடித்துக்கொள்ளும். நாற்றழுகல் குறையும். நடவின்போது வேரோடு சேர்ந்து அவையும் வயலுக்குப் போகும். ஏக்கர் முழுவதும் தூவுவதைவிடச் செலவும் குறைவு.

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், இப்படிப்பட்ட பல நுண்ணுயிர்களை ஒரே கலவையாகத் தயாரித்திருக்கிறது. "அர்கா நுண்ணுயிர்க் கூட்டுக் கலவை" என்று அதற்குப் பெயர். தழைச்சத்தைப் பிடிப்பது, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கரைப்பது, வளர்ச்சியைத் தூண்டுவது என்று எல்லா வேலைக்கும் அதில் ஆள் உண்டு.

ஒட்டுரக விதையை இப்பொழுது எண்ணிக் கணக்கிட்டு விற்கிறார்கள். ஒவ்வொரு விதைக்கும் விலை. பத்து நாற்று அழுகினால் பத்து விதையின் காசு போயிற்று. ஆகவே நாற்றங்காலில் மிச்சமாகும் ஒவ்வொரு நாற்றும் லாபம்தான்.

ஏற்கனவே குடில் போட்டு வெள்ளரி, தக்காளி, குடமிளகாய் பயிரிடுகிறவர்களுக்கும் செண்டுமல்லி ஒரு நண்பன். ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் மண்ணில் நூற்புழு பெருகி வேரை முடிச்சு முடிச்சாக ஆக்கிவிடும். செண்டுமல்லியின் வேரில் நூற்புழுவைக் கொல்லும் ஒரு பொருள் இருக்கிறது. நடுவில் ஒரு பட்டம் செண்டுமல்லி போட்டால் புழு குறையும், பூவும் கிடைக்கும்.

நாள் பார்த்து நட வேண்டும்!

விலைக்கு என்ன செய்வது? இதற்கு மருந்து கடையில் இல்லை. காலண்டரில் இருக்கிறது!

விதைத்து ஒரு மாதத்தில் நாற்று. நட்டு இரண்டு மாதத்தில் பூ. ஆகப் பண்டிகைக்கு மூன்று மாதத்துக்கு முன் விதைக்க வேண்டும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் விதைத்தால் எல்லாப் பூவும் ஒரே நாளில் சந்தைக்கு வரும். விலை விழும். ஒரு ஏக்கரை மூன்று பங்காக்கி, 15 நாள் இடைவெளி விட்டு நட்டால், ஒரு பங்கு விலை இல்லாமல் போனாலும் மற்றப் பங்குகள் காப்பாற்றும். ஒன்றரை சென்ட் நாற்றங்கால் கையில் இருந்தால் இது சுலபம்.

ஊரில் உள்ள பத்து விவசாயிகள் ஒன்றுகூடி, யார் எப்பொழுது நடுவது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்தால் இன்னும் நல்லது. கேரளத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்வதை, தலைமுறை தலைமுறையாகப் பூ வளர்க்கும் நம்மவர்கள் செய்ய முடியாதா?

முடிவாக...

நுண்ணுயிரும் நுண்ணூட்டச் சத்தும் நல்லவைதான். ஆனால் மந்திரம் அல்ல. தொழுஉரத்தோடு, அளவோடு, மண்ணைச் சோதித்துப் போட்டால் பலன் உண்டு.

குடிலும் நல்லதுதான். ஆனால் செண்டுமல்லிக்குப் பெரிய குடில் வேண்டாம். நாற்றுக்குச் சின்ன நிழல் போதும்.

மானியம் கிடைக்கிறது என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். மானியத்தைக் கழித்த பிறகும் பாக்கியைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்! கையெழுத்துப் போடுவதற்கு முன், வீட்டில் உள்ள பெண்களையும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் செலவை ஒரு பக்கமும் வரவை ஒரு பக்கமும் எழுதிப் பாருங்கள்.

கணக்குச் சரியாக வந்தால் தாராளமாக இறங்கலாம். வராவிட்டால், ஒன்றரை சென்டில் தொடங்குங்கள்.